இரண்டு முறை காய்த்த தண்டு

இன்றைக்கு டீ கொஞ்சம் கசந்துபோய்விட்டது, பொறுத்துக்கொள் மகளே. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இப்படிக் கிட்டே வா. எனக்கு உரக்கப் பேசி வழக்கமில்லை, உனக்கோ ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும். இந்தச் சமையலறைக்கு நீ வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தாய். இரண்டாவது தடவை அளவு நாடாவோடு வந்தாய். இன்றைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறாய். நல்ல பழக்கம். நீ, வா, போ என்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. பெரிய அதிகாரிதான் நீ. ஆனால் என் தங்கையிடம் படித்த பிள்ளைகளில் பலருக்கு உன்னைவிட வயசு அதிகம்.

முழுக் கதையையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நடுவே செடியைப் பற்றிப் பேசினால், கிழவி பேச்சை மாற்றுகிறாள் என்று நினைக்காதே. செடியை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

நானும் என் தங்கையும் ஒன்பது வருஷம் இந்த வீட்டில் சேர்ந்து இருந்தோம். இந்த மாதம் முதல் தேதி அவள் இந்த வீட்டை விட்டுப் போவதாக இருந்தது. போகவில்லை. அவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் அதற்குக் கை கால் வைப்பது.

ஜன்னல் வழியாகப் பார். வேலி ஓரமாக, இந்தக் கதவிலிருந்து பதினெட்டு எட்டு வைத்தால் ஆரம்பிக்கிறதே, அந்த வரிசைதான். ராஸ்பெர்ரி. நான்கு கம்பம், இரண்டு வரிசைக் கம்பி, கம்பியோடு சேர்த்துக் கட்டிய தண்டுகள். கடைசியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டிக்குப் பின்னாலும் ஒரு ஆள் நீளத்துக்குச் செடி உண்டு, இங்கிருந்து பார்த்தால் தெரியாது. அதைத்தான் நீ போன தடவை நாடா வைத்து அளந்தாய்.

ராஸ்பெர்ரியில் ஒரே ஒரு முறை காய்க்கிற வகை ஒன்று. வருஷத்துக்கு இரண்டு முறை காய்க்கிற வகை ஒன்று. எங்களுடையது இரண்டாவது. இந்த வருஷம் மண்ணிலிருந்து கிளம்புகிற தண்டு, இலை உதிரும் காலத்தில் உச்சியில் மட்டும் காய்க்கும். குளிர் வந்ததும் காய்த்த அந்த உச்சியை மட்டும் வெட்ட வேண்டும். தெரியாதவர்கள் தரையோடு வெட்டிவிடுவார்கள். வெட்டினால் அடுத்த கோடைப் பழம் போச்சு. உச்சியை மட்டும் எடுத்தால், கோடை தொடங்கும்போது அதே தண்டு கீழ்ப்பாதியில் இன்னொரு தடவை காய்க்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. பச்சையாகத்தான் நிற்கும், இலைகூட இருக்கும். ஆனால் இனி ஒரு பழம் கொடுக்காது. புதுத் தண்டுகளுக்கு வருகிற வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு சும்மா நிற்கும். அதைத் தரையோடு, குச்சி மிச்சமில்லாமல் வெட்டி எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் விட்டாலும் அதில் பூச்சி புகுந்து பக்கத்துத் தண்டுக்குப் போகும்.

என் தங்கைக்கு அந்த வெட்டு மட்டும் பிடிக்காது. கத்தரியோடு நான் இறங்கினால் பின்னாலேயே வருவாள்.

"பச்சையா இருக்கேக்கா. பாவம். இன்னொரு தடவை காய்ச்சாலும் காய்க்கும்."

"காய்க்காதுடீ. நாலு எழுத்து படிச்சவ நீ. தையல்காரி நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?"

"படிச்சதுல எல்லாமா இருக்கு? ஒரு வருஷம் விட்டுத்தான் பாரேன்."

ஒரு வருஷம் எனக்குத் தெரியாமல் இரண்டு தண்டை மற்றதற்குப் பின்னால் வளைத்து, சிவப்புக் கம்பளி நூலால் கட்டி ஒளித்து வைத்தாள். அடையாளத்துக்காம். அவை காய்ந்து, உள்ளே புழு வைத்து, பக்கத்தில் நின்ற ஆறு இளம் தண்டுகளையும் கெடுத்தன. எட்டையும் நான் வெட்டி எரித்தேன். அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதிக்கொள், நான் அவளைத் திட்டியதே இல்லை.

அவள் முதல் வாழ்க்கை நல்ல வாழ்க்கை. பள்ளிக்கூட வேலை, நல்ல மாப்பிள்ளை, இருபத்தாறு வருஷம். அவளுக்குக் கல்யாண உடையைத் தைத்தது நான்தான். துணி மாற்றித் தைக்கிற கடையில் முப்பத்தொரு வருஷம் பிறர் கல்யாணத் துணிக்கு இடுப்பைப் பிடித்துக் கொடுத்தேன். அதில் ஒன்று தங்கையுடையது. அப்பா அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருத்தி வேண்டும் இல்லையா, அது நானாக இருந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை போனபிறகு ஒரு பெட்டியோடு இங்கே வந்து நின்றாள். "அக்கா, எனக்கு இடம் இருக்கா?" என்று கேட்டாள். மாடி அறைக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தேன். அவள் கொஞ்சம் சிரிக்கட்டும் என்றுதான் இந்தச் செடியே வைத்தேன். அது அவளுக்கு இரண்டாவது காய்ப்பு. ஒன்பது வருஷம் இங்கே நன்றாக இருந்தாள்.

இப்போது குளவிக்கு வருகிறேன்.

கோடைப் பழத்துக்குக் குளவி அவ்வளவாக வராது. இலை உதிர்காலப் பழத்துக்குத்தான் வரும். பழம் கனிந்து தளர்ந்து, தரையில் விழுந்து புளித்தால் எங்கிருந்துதான் வருமோ, மொய்த்துவிடும். முதல் வருஷமே அவளை ஒன்று கொட்டியது. உதடு வீங்கி, மூச்சு விசிலடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் பிழைத்தாள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவங்க உடம்புக்குக் குளவி விஷம் ஆகவே ஆகாது. அடுத்த தடவை இதைவிட வேகமா இருக்கும். இந்த ஊசி எப்பவும் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்." பேனா பருமனில் இரண்டு ஊசி கொடுத்தார். தொடையில் அழுத்திக் குத்தினால் போதும், துணி மேலேயே குத்தலாம். ஒன்று அவள் தோட்டத்துக்குக் கட்டுகிற ஏப்ரனின் பையில் இருக்கும். இன்னொன்று இதோ இந்த ஜன்னலோர டப்பாவில்.

இரண்டாவது வருஷமும் கொட்டியது. அவள் "அக்கா" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, செருப்புக்கூட இல்லாமல் இந்தப் பதினெட்டு எட்டையும் ஓடினேன். நான்தான் குத்தினேன். பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்: "ஊர்ல அக்கா தங்கச்சி சண்டையில குத்திச் சாவாங்க. எங்க வீட்டுல எங்கக்கா குத்தித்தான் நான் பொழைச்சேன்."

அன்றைக்கே வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். கோடைப் பழம் அவள் பறிப்பாள். இலை உதிர்காலப் பழம் நான் மட்டும் பறிப்பேன். ஒருநாள் விடாமல் பறிப்பேன், தரையில் ஒரு பழம் கிடக்க விடமாட்டேன். தொட்டதும் தொப்பி கழன்ற மாதிரி கையோடு வருவதுதான் பழுத்த பழம். இழுத்தால் வருவதை நாளைக்கு விட வேண்டும். அப்படித் தொட்டுத் தொட்டு, இலைக்கு அடியில் எல்லாம் பார்த்து, பெருக்கிவிட்ட கூடம் மாதிரி வைத்திருப்பேன். ஏழு வருஷம் ஒரு குளவி அவள் பக்கம் வந்ததில்லை. "எங்கக்கா பறிச்ச வரிசையில கண்ணை மூடிட்டு நடக்கலாம்" என்பாள். அன்பு என்றால் என்ன என்று யாராவது உன்னைக் கேட்டால் இதைச் சொல்.

நர்சரிக்காரரை உனக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். கன்று கொடுத்தது அவர்தான். மனைவி போய் ரொம்ப நாள் ஆன மனிதர், பெரிய சிரிப்பு, நகத்தில் எப்போதும் மண். தண்டைத் தொட்டே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். மாதம் இரண்டு தடவை வருவார், செடியைப் பார்ப்பார், இதே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார். என்னை அக்கா என்பார். அவளை டீச்சர் என்பார். அவரைவிட எனக்கு மூன்று வயசுதான் கூட. அவர் வருகிற நாளில் நான் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தற்செயல். தங்கைதான் கிண்டல் செய்வாள். எனக்கு அந்த மாதிரி நினைப்பு எதுவும் இருந்ததில்லை. அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்.

இந்தக் கோடையில், பழம் பறித்து முடித்த ஒரு காலையில், இதே மேசையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சிரிச்சா?"

"சிரிச்சா ஜாம் கிளற வரமாட்டேன்."

சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

"அறுபத்திரண்டு வயசுல எதுக்குடீ இது?"

"அறுபத்திரண்டுலதான்க்கா நல்லது. மாமியார் இல்ல, குழந்தை எப்பன்னு கேக்கறதுக்கு ஆள் இல்ல. சமையல்கூட அவரே பண்ணிடுவாராம்."

"ஊர் என்ன சொல்லும்?"

"சொல்றவங்க வந்து பாத்திரம் கழுவிக் கொடுக்கட்டும்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் வந்துடுக்கா. கீழ ஒரு ரூம் சும்மாதான் இருக்கு. அவரே சொன்னார், அக்காவை விட்டுட்டு வரவேணாம்னு."

அவரே சொன்னார். பார்த்தாயா, பெருந்தன்மையைப் பார்த்தாயா. எனக்கு வெள்ளை அடித்த ஒரு அறை.

"தொட்டிக்குப் பின்னால பக்கக்கன்று நிறைய வந்திருக்கே," என்றாள். "பத்து எடுத்துக்கட்டுமா? அவர் சமையல்கட்டு ஜன்னலுக்கு எதிர்லயே கம்பம் நட்டு வச்சிருக்கார்."

"எடுத்துக்கோயேன்," என்றேன். "வேர் போற இடத்துக்குத் தானே கன்று போகும்."

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை மகளே. யோசனைதான் வந்தது. மூன்றாவது தடவை காய்க்கலாம் என்று நினைத்த தண்டுகளின் கதி எனக்குத் தெரியும். அங்கே போய் ஒரு வருஷம், இரண்டு வருஷம். அந்த மனிதருக்கும் ரத்த அழுத்தம் உண்டு. மறுபடி ஒரு பெட்டியோடு திரும்பி வருவாள். அதைப் பார்க்க நான் இருப்பேனோ என்னவோ. யார் அவளைப் பார்த்துக்கொள்வார்கள்? அங்கே நர்சரியில் திரும்பின பக்கமெல்லாம் பழம், குளவி. அவர் என்ன, என்னைப் போல் இலைக்கு அடியில் பார்த்துப் பறிப்பாரா? எப்படியும் நடக்கப்போவது, கவனமில்லாத ஒருவர் கையில் நடப்பதைவிட, கவனமான கையில் நடப்பது மேல் என்று எனக்குத் தோன்றியது.

நீ இங்கே பேனாவை நிறுத்திவிட்டாய். எழுது, பரவாயில்லை.

நீ அளந்ததும் கணித்ததும் சரி. முன் வரிசை முழுக்கச் சுத்தம். தொட்டிக்குப் பின்னால் மட்டும் பன்னிரண்டு நாளாகப் பறிக்காத பழம். உனக்குச் செடி பழக்கமில்லை என்று உன் கை பார்த்தாலே தெரிகிறது. ஆகவே அது உன் கண்ணில் பட்டிருக்காது. அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். பழம் கழன்ற காம்பில் எத்தனை வெள்ளைத் தக்கை நிற்கிறது, எது நேற்றுப் பறித்தது, எது பறிக்காமல் விழுந்தது என்று பார்த்தே சொல்கிற மனிதர். துக்கத்துக்கு வந்தவர் வீட்டுக்குள் வராமல் வரிசையின் கடைசி வரைக்கும் நடந்தபோதே எனக்குத் தெரிந்தது.

அவள் போன அன்று காலை பத்து மணி இருக்கும். வெயில் ஏறிக் குளவிக்குச் சுறுசுறுப்பு வருகிற நேரம். நான் பழத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு அவளிடம் சொன்னேன்: "எந்தப் பத்துன்னு பார்த்து நூல் கட்டிட்டு வந்துடு. அப்புறம் நான் மறந்து வெட்டிடப் போறேன்."

"இந்த சீசன்ல நான் வரிசைப் பக்கம் போகக் கூடாதே. உன் சட்டமாச்சே."

"நான் பறிச்ச வரிசைதானே."

"அதானே," என்றாள். சிவப்புக் கம்பளி நூல்கண்டை எடுத்துக்கொண்டாள். கொடியிலிருந்து ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு, வழக்கம்போலப் பையை வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். ஊசி இருக்கிறதா என்று. ஒருநாளும் அந்தத் தட்டை மறக்கமாட்டாள். டீச்சர் இல்லையா, எதையும் சரிபார்ப்பாள்.

முந்தின நாள் அந்த ஏப்ரனை நான் துவைத்தேன். துவைக்கும்போது பையில் இருப்பதை வெளியே எடுத்துத்தானே ஆக வேண்டும். எடுத்த ஊசியை டப்பாவில் இன்னொன்றோடு வைத்தேன். டப்பாவைத் துடைக்கிறபோது மேல் தட்டில் பெரிய பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தேன். இதையெல்லாம் வயசான மறதி என்று நீ எழுதிக்கொண்டிருக்கலாம். முதல் தடவை அப்படித்தான் எழுதினாய், நான் கவனித்தேன். ஆனால் பை காலியாக இருந்தால் தட்டினதும் தெரிந்துவிடும். அதனால் அதே பருமனில் ஒன்றை அதில் போட்டு வைத்தேன்.

உறைக்குள் இருக்கிற அந்த மார்க்கர்தான். ஜாம் பாட்டிலில் தேதி எழுதுகிறது.

பின்கதவைத் தாழ் போட்டேன். ஜாம் காய்ச்சும்போது குளவி உள்ளே வந்துவிடும், எப்போதும் போடுவதுதான். முதல் "அக்கா" தொட்டிப் பக்கத்திலிருந்து வந்தது. சத்தமாகத்தான் இருந்தது. ஜாம் அப்போது நுரைகட்டுகிற சமயம். இரண்டாவது இந்தக் கதவுக்கு வெளியிலிருந்து. ஒரு கையால் தட்டினாள். இன்னொரு கையில் மார்க்கர் இருந்திருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது, ஆனால் ஆவி படிந்திருந்ததால் தெளிவாகத் தெரியவில்லை. அவள் என்னைத் தெளிவாகப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் ராத்திரியில் சில நேரம் யோசிக்கிறேன். மார்க்கரை மறுபடி பையில் போட்டுக்கொண்டாள். ஏன் போட்டாள் என்பதும் எனக்குத் தெரியாது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கமாக இருக்கலாம். மூன்றாவது தடவை பாதிதான் வந்தது. பதம் பார்க்கிற நேரம் மகளே. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளினால் சுருங்க வேண்டும். அந்த நேரத்தில் கையை எடுத்தால் அடிபிடித்துவிடும். நான் கையை எடுக்கவில்லை.

ஜாமைப் பாட்டில்களில் ஊற்றி, மூடி, அடுப்பைத் துடைத்துவிட்டு, கதவைத் திறந்தேன். படியில் உட்கார்ந்த மாதிரியே சாய்ந்திருந்தாள். நூல்கண்டு மடியில் இருந்தது. நாலு கன்றுக்குத்தான் கட்டியிருந்தாள். பிறகு போன் செய்தேன்.

பன்னிரண்டு பாட்டில். தேதி எழுதத் தேடினேன், மார்க்கரைக் காணவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் அதற்குள் அவளைக் கொண்டுபோய்விட்டார்கள், ஏப்ரனோடு. அங்கே அந்த அலமாரியில் பார், ஒன்பது வருஷத்துப் பாட்டிலுக்கும் தேதி இருக்கும். கீழ்த்தட்டில் உள்ள பன்னிரண்டுக்கு மட்டும் இல்லை. போன தடவை அந்தத் தட்டைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாயே, அப்போதே உனக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. புத்திசாலிப் பெண். என் தங்கைக்கு உன்னைப் பிடித்திருக்கும்.

என்ன கேட்டாய்?

"நீங்க எத்தனை தடவைம்மா காய்ச்சீங்க?"

அந்த ஜக்கைக் கொஞ்சம் இப்படித் தள்ளு.

அது செடிக்குச் சொல்கிற கணக்கு மகளே, மனுஷருக்கு இல்லை.

நர்சரிக்காரர் துக்கத்துக்கு வந்துபோன பிறகு வரவில்லை. இரண்டு வாரமாக, அவர் வருகிற அந்தக் கிழமையில் தலைவாரிக்கொண்டு இரண்டு கோப்பை டீ போட்டு வைத்தேன். இன்றைக்கு நீ குடிக்காமல் வைத்திருக்கிறாயே, அது அவருக்குப் போட்டதுதான். அதனால்தான் கசக்கிறது, ரொம்ப நேரம் கொதித்துவிட்டது. கோபமாக இருப்பார், ஆறட்டும். கன்றை வேண்டுமானால் பத்தாகவே எடுத்துக்கொள்ளச் சொல். நூல் கட்டின நாலு அங்கேயேதான் நிற்கிறது. நான் அதை வெட்டவில்லை.

நான் ஏன் இதையெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன் என்று உனக்கு யோசனையாக இருக்கும். மனசு லேசாவதற்காக இல்லை, என் மனசு கனமாக இல்லை. குளிர் வரப்போகிறது. நீ என்னை எங்கேயாவது கொண்டுபோய் வைப்பாய். யாராவது தெரியாதவர் வந்து வரிசையைத் தரையோடு வெட்டிவிட்டால் அடுத்த கோடைப் பழம் போய்விடும். கோடைப் பழம் அவளுடையது. உச்சியை மட்டும் எடுக்கச் சொல். எழுதிக்கொண்டாயா? உச்சியை மட்டும்.

வாசலில் உன் கூட வந்தவர் ஹாரன் அடிக்கிறார். இரு, பின்கதவைத் தாழ் போட்டுவிட்டு வருகிறேன். ஒரு பாட்டில் ஜாம் எடுத்துக்கொண்டு போ, பயப்படாதே, பழமும் சர்க்கரையும்தான் அதில் இருக்கிறது. நீ இதைத் தடயம் என்பாய். சரி, எப்படியோ எடுத்துக்கொள்.

உன் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. தங்கைதானே? வேற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று கேட்கிறாள் என்று அன்றைக்கு நீ வாசலில் நின்று பேசியது காதில் விழுந்தது. உன் வீடு நன்றாக இருக்கட்டும் மகளே. உன் அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்கட்டும். உன் வீட்டுப் பிள்ளைகள் பசியில்லாமல் தூங்கட்டும். உன் தங்கை உன்னை விட்டு எங்கேயும் போகாமல் இருக்கட்டும். நான் என் தங்கையைப் பார்த்துக்கொண்ட மாதிரி, நீயும் அவளைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொள்.